அரைக் கிலோவில் முக்கால்

துஷ்யந்தியின் வீட்டில் ஐந்து வாரமாகப் பள்ளிக்கூடம் குசினியில்தான் நடந்துகொண்டிருந்தது. கரும்பலகை கிடையாது, மணி கிடையாது, அதிபர் கிடையாது. ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு மின்சார ஓவன், ஒன்பது வயதில் ஒரே ஒரு மாணவி. அந்த மாணவி அவளுடைய மகள் யதுஷா. கண்டி நகரத்துப் பிள்ளைகள் எல்லாம் முதலாம் பாடத்தை முடித்து இரண்டாம் பாடத்துக்குக் கொப்பியைத் திறக்கிற நேரத்தில், இங்கே மா அரிப்பதில் வகுப்பு தொடங்கும்.

கேட்கிறவர்களுக்கு இது அழகாகத்தான் இருக்கும். அம்மாவும் மகளும் கேக் செய்கிறார்கள், அதிலேயே கணக்கும் விஞ்ஞானமும் படிக்கிறார்கள், எவ்வளவு நல்ல விஷயம் என்று அக்கம்பக்கத்து அம்மாமார் சொல்லியும் விட்டார்கள். துஷ்யந்தியும் சிரித்துத் தலையாட்டினாள். ஐந்து வாரமாக அவள் பயந்துகொண்டிருந்தது அந்த அம்மாமாருக்கு எப்படித் தெரியும்? மகளுக்கு இது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வருடம். மகள் பள்ளிக்கூடம் போகிறாள் இல்லை. வீட்டில் சொல்லிக்கொடுப்பதும் மண்டையில் ஏறவில்லை. இந்த மூன்றில் எதை முதலில் நினைத்துப் பயப்படுவது என்று தெரியாமல் அவள் மூன்றையும் ஒன்றாக நினைத்துப் பயந்தாள்.

புசல்லாவைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள் துஷ்யந்தி. உயர்தரம் வரை படித்தாள். டீச்சராக வேண்டும் என்று ஆசை. மூன்று தரம் நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். மூன்று தரமும் "அறிவிக்கிறோம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். இன்றுவரை யாரும் எதையும் அறிவிக்கவில்லை. பிறகு கண்டியில் ஒரு கேக் கடையில் பில் போடும் வேலை. பில் போட்டபடியே உள்ளே எட்டிப் பார்த்து, ஒரே வருடத்தில் ஐசிங் வரைக்கும் பழகிவிட்டாள். பிரதீஸைக் கல்யாணம் செய்து, யதுஷா பிறந்து, கொரோனாக் காலத்தில் கடையை மூடியபோது, ஓர் ஓவனை வாங்கி வைத்துத் தானே தொடங்கினாள். அவளுடைய பட்டர் கேக்குக்குக் கட்டுகலையிலிருந்து அக்குறணை வரைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கைப்பக்குவம் என்று யாராவது புகழ்ந்தால் அவளுக்குப் பிடிக்காது. "கைப்பக்குவமெல்லாம் சும்மாங்க. அளவுதான். கிராம் தப்பினா கேக் தப்பும்" என்பாள்.

இப்படி எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து நடந்த மனுஷியின் வாழ்க்கையில் நிறுக்க முடியாத ஒன்று வந்தது போன கார்த்திகையில்.

புயல் வருகிறது, புயல் வருகிறது என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள். மழை விடவே இல்லை. அவர்களுடைய வீடு ஹந்தானைப் பக்கம் ஏறுகிற வீதியில், சரிவில் கட்டிய மேல்மாடி. முன்னறை ஜன்னலில் நின்றால் கீழே வீதியின் வளைவுகள் தெரியும். அன்று பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்கு வந்திருக்க வேண்டிய வேன் வரவில்லை. இரண்டாம் வளைவில் மண் சரிந்து பாதையை மூடிவிட்டது என்று யாரோ மேலே ஓடிவந்து சொன்னார்கள். வேன் மண்ணுக்கு அந்தப் பக்கமா, அடியிலா என்று சொல்ல ஆள் இல்லை. போனில் சிக்னல் இல்லை. வேலைக்குப் போன பிரதீஸ் அக்குறணையில் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தான். துஷ்யந்தி அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்தரை மணித்தியாலம் நின்றாள். ஒரு தடவைகூட உட்காரவில்லை.

ஏழரை மணிக்கு வேன்காரர் யுகேஷ் ஏழு பிள்ளைகளையும் சுற்றுப்பாதையால் நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். யதுஷா சப்பாத்தைக் கையில் பிடித்திருந்தாள். "அம்மா, ஒரு வீட்டுல எங்களுக்கு பிஸ்கட்டும் தேத்தண்ணியும் குடுத்தாங்க" என்றாள். அவளுக்கு அது ஒரு பயணம்போல இருந்திருக்கிறது. மறுநாள் விடிந்து ஜன்னலால் பார்த்தபோது, இரண்டாம் வளைவில் எப்போதும் தெரிகிற நீலக் கூரை வீட்டைக் காணவில்லை. அந்த வீட்டு ஆட்களைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

தை பிறந்து பள்ளிக்கூடம் திறந்தார்கள். முதல் நாள் காலையில் யதுஷா வெள்ளை உடுப்புப் போட்டு, இரட்டைப் பின்னலுக்கு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு லொறி மேட்டில் ஏற, ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது. துஷ்யந்தியின் கை மகளின் தோளில் இறுகியது. எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. யதுஷா மெல்லச் சொன்னாள்: "அம்மா, எனக்கு வயிறு வலிக்குது."

"அப்ப இன்னிக்கு வேணாம் பாப்பா" என்றாள் துஷ்யந்தி, கேட்ட மறுநிமிடமே. பிள்ளைக்கு வயிற்று வலி என்றதும் தாய்க்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடம்கூட.

மறுநாளும் வயிறு வலித்தது. டாக்டர் அமுக்கிப் பார்த்து, வயிற்றில் ஒன்றுமில்லை, பிள்ளை எதற்கோ பயந்திருக்கலாம் என்றார். போதாதா? வகுப்பாசிரியை சுகிர்தா டீச்சர் போன் எடுத்தபோது, "புள்ள ரொம்பப் பயந்துபோயிருக்கா டீச்சர், மண்ணு சரிஞ்சதுலருந்து" என்று சொல்ல ஒரு வசனம் கிடைத்துவிட்டது. மூன்றாம் நாள் பள்ளிக்கூட உடுப்பை அவள் அயர்ன் பண்ணவே இல்லை.

ஆனால் படிப்பு விட்டுப்போகக் கூடாதே. அங்கேதான் குசினி வகுப்பு பிறந்தது.

அவளிடம் ஒரு தாய்த் தட்டு உண்டு, கேக்குக்கான மூல அளவு. எல்லாக் கணக்கும் அதிலிருந்துதான் பிரியும். பட்டர் அரைக் கிலோ, சீனி அரைக் கிலோ, மா அரைக் கிலோ, முட்டை பத்து. இது முழுத் தட்டு. பாதித் தட்டு என்றால் எல்லாம் பாதி, முட்டை ஐந்து. இருநூறு கிராம் பட்டர் பக்கெட் ஒன்றை வைத்துச் சின்னக் கேக் செய்தால் அது முழுத் தட்டில் ஐந்தில் இரண்டு, முட்டை நாலு. பின்னம் படிப்பிக்க இதைவிட என்ன வேண்டும்? விஞ்ஞானத்துக்கு பேக்கிங் பவுடர்: தேசிக்காய்ப் புளி விட்டு, பொங்குவதைக் காட்டி, வாயு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். சிங்களத்துக்கு மா பக்கெட்டும் சீனிப் பக்கெட்டும் முட்டைப் பெட்டியும்: அவற்றில் இருப்பதை எழுத்துக் கூட்டி வாசிக்கவேண்டும். சீனி மட்டும் இரண்டு பாஷையிலும் சீனிதான் என்று கண்டுபிடித்து யதுஷா கைதட்டினாள். தமிழ்க் கட்டுரைக்கு, "நான் செய்த கேக்" என்று நூறு சொல்லில் எழுத வேண்டும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, பின்னத்தைத் தவிர. மற்ற எதிலும் கற்பூரப் புத்தி காட்டுகிற பிள்ளை, பின்னம் என்றதும் கல்லாகிவிடும். அரைக் கிலோவில் பாதி எவ்வளவு என்று கேட்டால் முந்நூறு என்றாள். ஐந்தில் இரண்டுக்கு முட்டை எத்தனை என்றால் மூன்று என்றாள். துஷ்யந்தி பொறுமையை இழக்கவில்லை. பழைய கேக் துண்டை எடுத்து நாலாக வெட்டுவாள், எட்டாக வெட்டுவாள், மாவை மேசையில் பரப்பி விரலால் கோடு கிழிப்பாள். யதுஷா நாடியில் கையை ஊன்றி, அம்மாவின் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் அப்படிப் போகும். கடைசியில் "ஆ, இப்ப விளங்குது" என்பாள். அப்பாடா என்று துஷ்யந்தி, "சரி, போய் விளையாடு" என்று அனுப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு முன்னறைக்குப் போவாள். ஜன்னலில் நிற்பாள். மேகம் கறுக்கிறதா, வீதியில் நீர் இறங்குகிறதா, பிரதீஸ் ஏறின பஸ் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டியிருக்குமா என்று பார்த்து, நினைத்து, போன் எடுத்து, மறுபடியும் பார்ப்பாள். மறுநாள் யதுஷா பின்னத்தில் புதிதாக ஒரு பிழை விடுவாள்.

பிரதீஸ் அக்குறணையில் ரஸீன் என்பவரின் ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறவன். சிரிப்பாகப் பேசுகிற ஆள், கெட்ட செய்தியையும் பகிடியாகத்தான் சொல்வான். ஒரு நாள் பின்னேரம் வேலை விட்டு வந்து, தேத்தண்ணிக் கோப்பையோடு மகளின் கொப்பியைப் புரட்டினான்.

"என்ன துஷி இது, பத்துக்கு ரெண்டா? வாத்தியார் புள்ள மக்குன்னு சும்மாவா சொன்னாங்க!"

"பகிடி பண்ணாதீங்க. எனக்கு வயிறு எரியுது."

"அப்ப ஸ்கூலுக்கு அனுப்பு. நம்ம யதுவுக்கு கேக்குல படிப்பு ஏறாது போல. அது தின்னுறதுக்கு உள்ள சாமான்."

"புள்ள பயந்து போயிருக்கா. உங்களுக்கு விளங்காதுங்க. மழைக்காலம் முடியட்டும்."

பிரதீஸ் கோப்பையைக் கீழே வைத்தான். "கண்டியில மழைக்காலம் என்னிக்கு முடியும்னு நீ சொல்லு. அன்னிக்கு நான் லீவு போட்டு நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான். அவன் சிரிக்கவில்லை. துஷ்யந்தி கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கதவருகே நின்ற யதுஷா அப்பாவின் முகத்தையும் அம்மாவின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டை உடைக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை குசினியில் சாம்பாரும் சாம்பிராணியும்தான். அதனால் அன்று ஓவன் ஓய்வு. மகளுக்குக் கொப்பியில் பரீட்சை. ஐந்தாம் வாரத்து வெள்ளிக்கிழமை துஷ்யந்தி பத்துப் பின்னக் கணக்குகளை எழுதிக்கொடுத்துவிட்டு ஜன்னலுக்குப் போய்விட்டாள். வந்து திருத்தினால், மூன்று சரி, ஏழு பிழை. நாலாம் வாரத்தில் சரியாகச் செய்ததுகூட இப்போது பிழை. சோற்றுப் பானைக்கு முன்னால் நின்று அவள் சத்தமில்லாமல் அழுதாள். மூன்று நேர்முகப் பரீட்சையிலும் தன்னை எடுக்காமல் விட்டவர்கள் ஆளைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். தனக்குப் படிப்பிக்கத் தெரியாது. தெரியாத வேலையைச் செய்து ஒரு பிள்ளையின் வருடத்தைப் பாழாக்குகிறோம். ஆனால் அனுப்பவும் முடியவில்லை. அனுப்புவது என்று நினைத்தாலே அந்த நீலக் கூரை கண்ணுக்கு முன்னால் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கு வெயிலிலும் பேய் தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. ரஸீன் முதலாளியின் மனைவி ரபீகா காலையிலேயே போன் எடுத்தார்.

"தங்கச்சி, மகள் குர்ஆன் ஓதி முடிச்சிட்டா, அல்ஹம்துலில்லாஹ். ஊட்டோட சின்ன விசேஷம் ஒன்டு வச்சிருக்கம். ஒரு முக்கால் தட்டு பட்டர் கேக் செஞ்சி தாங்க. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு வேன் அனுப்புறன்."

"சரி தாத்தா, செஞ்சு வைக்கிறேன்" என்றாள் துஷ்யந்தி. அக்குறணையில் அக்காவைத் தாத்தா என்பார்கள். ரபீகாவுக்குத் துஷ்யந்தியைவிட நாலு வயதுதான் கூட.

முக்கால் தட்டு கொஞ்சம் சங்கடமான தட்டு. பட்டர், சீனி, மா எல்லாம் நிறுத்துவிடலாம். முட்டைதான் இடிக்கும்: பத்தில் முக்கால் ஏழரை. அரை முட்டை எந்தக் கோழியும் இடாது. அதைப் பெரிய பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்று துஷ்யந்தி நினைத்தாள். யதுஷாவுக்கு ஏப்ரன் கட்டிவிட்டு, தராசைப் போட்டாள்.

"சொல்லு பாப்பா, அரைக் கிலோல முக்கால் எவ்வளவு?"

யதுஷா கூரையைப் பார்த்தாள். "முந்நூத்தம்பது."

"இல்லம்மா. யோசிச்சு சொல்லு. அரைக் கிலோவ நாலாப் பிரிச்சா ஒரு பங்கு எவ்வளவு?"

"நூறு...? அப்ப முந்நூறு."

"ஐயோ யது!"

"கோவிக்காதீங்கம்மா. நாலாப் பிரிச்சுக் காட்டுங்களேன்."

துஷ்யந்தி மூச்சை இழுத்து விட்டு, மா பக்கெட்டை எடுத்து மேசையில் கொட்டப் போனாள். அப்போதுதான் போன் அடித்தது. குசினியில் சிக்னல் விட்டு விட்டு வரும். அவள் முன்னறைக்குப் போய் ஜன்னலோரம் நின்று எடுத்தாள். சுகிர்தா டீச்சர்.

"சனிக்கிழமை தொந்தரவு பண்றேன், குறை நெனைக்காதீங்க. அதிபர் லீவுப் பட்டியலப் பாத்தாரு. கடிதம் குடுக்காம இவ்வளவு நாள் வராத புள்ளைங்க பேரை வெட்டச் சொல்லிட்டாரு. வெயிட்டிங் லிஸ்ட்ல ஆள் நிக்குது. திங்கக்கிழமை யதுஷா வந்தா நான் பேசிக்கிறேன். வரலைன்னா என் கையில ஒண்ணுமில்லம்மா."

துஷ்யந்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், அவளுக்கு... வந்தாலும் ஒண்ணும் ஏறாது டீச்சர். எல்லாம் மறந்துட்டா. வீட்டுல நான் எவ்வளவோ சொல்லிக் குடுக்கிறேன். பின்னம் சுத்தமா வரல. அரைக் கிலோல முக்கால் கேட்டா முழிக்கிறா."

"யாரு, நம்ம யதுஷாவா?"

"ஆமா டீச்சர்."

"மூணாந் தவணைப் பேப்பர் இன்னும் என் கையிலதான் இருக்கு. புயலால குடுக்க முடியாமப் போச்சு. கணிதத்துல வகுப்புலயே கூடின புள்ளி யதுஷாவுக்குத்தான். தொண்ணூத்தெட்டு. பின்னத்துல ஒரு புள்ளியும் போகல. நீங்க வேற யாரையோ சொல்றீங்க."

பிறகு டீச்சர் திங்கட்கிழமையைப் பற்றி இன்னும் ஏதேதோ சொன்னார். துஷ்யந்தி "சரி டீச்சர், சரி டீச்சர்" என்றாள். போனை வைத்த பிறகும் கால் மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றாள். தொண்ணூற்றெட்டு எடுத்த பிள்ளை மூன்று மாதத்தில் பாதிக்கும் முக்காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகுமா? பயத்தில் மூளையே கலங்கிவிட்டதோ? நினைக்க நினைக்கக் கை நடுங்கியது. உள்ளே கேக் அடிக்கிற மெஷின் ஓடி நிற்கிற சத்தம் கேட்டது. அவள் குசினிக்கு ஓடினாள்.

யதுஷா முக்காலியில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். பாத்திரத்தில் பட்டரும் சீனியும் வெள்ளையாக அடிபட்டிருந்தன. மேசையில் எட்டு முட்டையின் கோது. தராசின் மேல் மாக் கோப்பை. சிவப்பு எழுத்தில் 375. பக்கத்தில் ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பையில், அடித்த முட்டை கொஞ்சம் மிச்சமிருந்தது.

"இது என்ன?"

"அது... பாதி முட்டை. அடிச்சு நிறுத்தேன், அம்பது கிராம் இருந்திச்சு. இருவத்தஞ்ச ஊத்திட்டேன். இது மிச்சம்."

சொன்ன பிறகுதான் யதுஷாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவள் சட்டென்று கையை நீட்டித் தராசில் இருந்த கோப்பையைத் தூக்கினாள். 375 மறைந்தது. ஆனால் அம்மா பார்த்துவிட்டாள். அம்மா பார்த்ததை மகளும் பார்த்தாள்.

துஷ்யந்தி அளவுக்குப் பேர்போனவள் அல்லவா, ஐந்து வாரத்தையும் மனதுக்குள் தராசில் தூக்கிப் போட்டாள். ஒரு நாள் அம்புலன்ஸ் சத்தம் கேட்டு அவள் ஜன்னலுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது யதுஷா தனியே பாதித் தட்டை நிறுத்து முடித்திருந்தாள், கேக் பஞ்சுபோல வந்தது. காஸ் கொண்டுவந்தவரோடு பேசி நின்ற அன்றும் அப்படியே. அவள் இல்லாத நேரத்தில் இந்தப் பிள்ளை ஒரு கிராம்கூடத் தப்பவிடவில்லை. அவள் பக்கத்தில் நின்றபோதுதான் அத்தனை பிழையும்.

"யது," என்றாள். "உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

யதுஷா கோப்பையை மேசையில் வைத்தாள்.

"நேத்து ஏழு கணக்கு பிழை. தெரிஞ்சேதான் பிழையா எழுதினியா?"

யதுஷா முக்காலியிலிருந்து இறங்கினாள். ஏப்ரன் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, நிலத்தைப் பார்த்துச் சொன்னாள். "சரியா சொன்னா நீங்க 'போய் விளையாடு'ன்னு சொல்லிட்டு ஜன்னல்கிட்ட போயிடுவீங்க. அங்க நின்னா உங்க கை ஆடும். தண்ணிகூட குடிக்கமாட்டீங்க. தப்பா சொன்னா என்கூடவே இருப்பீங்க. சொல்லிக் குடுக்கிறப்ப உங்களுக்குக் கை ஆடாதும்மா."

துஷ்யந்தி அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்று சொல்லிவைத்தவர் யதுஷாவைப் பார்த்ததில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை ஐந்து வாரமாகத் தாயைப் பராமரித்திருக்கிறது. மக்கு என்று அப்பா சிரித்ததைக் கேட்டும் வாய் திறக்காமல் பராமரித்திருக்கிறது. துஷ்யந்திக்கு வெட்கமாக இருந்தது. இதுவரை பட்ட பயமெல்லாம் ஒரு பக்கம், இந்த வெட்கம் ஒரு பக்கம், வெட்கம்தான் கனத்தது.

"வயித்து வலி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"முதல் நாள் நெசமாவே கொஞ்சம் வலிச்சிச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் உங்களுக்குத்தான் வலிச்ச மாதிரி இருந்திச்சு."

"ஸ்கூலுக்குப் போக ஆசையா உனக்கு?"

இவ்வளவு நேரமும் அழாத பிள்ளை இதைக் கேட்டதும் அழுதாள். "சஞ்சீவனி பக்கத்துல இப்ப வேற புள்ள இருக்காம்மா. வேன்ல வர்ற புள்ள சொன்னா. என் கதிரையிலம்மா." ஐந்து வாரமும் அடக்கி வைத்தது எல்லாம் அந்தக் கதிரையோடு சேர்ந்து வந்தது. துஷ்யந்தி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பயப்படாதே என்று சொல்ல அவளுக்கு என்ன யோக்கியதை? மேசையில் பட்டர் இளக ஆரம்பித்தது. கடைசியில் யதுஷாதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மா, மாவப் போடாட்டி கெட்டுப்போகும்" என்றாள். இரண்டு பேரும் எழுந்து மாவைப் போட்டார்கள். ரபீகாவுக்குப் போன கேக்கில் குறை ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரதீஸ் வீட்டில் இருந்தான். அவள் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள், முதல் நாள் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கினது உட்பட. அவன் பகிடி எதுவும் சொல்லவில்லை. "நாளைக்கு நான் லீவு போடட்டுமா? நானே கொண்டுபோய் விடுறேன்" என்று கேட்டான். வேண்டாம் என்றாள். அவன் போனால் பிள்ளை போய்விடுவாள், தான் அனுப்பினதாக இருக்காது. அயர்ன் பெட்டியைச் சூடாக்கி, வெள்ளை உடுப்பை இரண்டு தரம் தேய்த்தாள்.

திங்கட்கிழமை விடியும்போதே மழை. தூறல் இல்லை, கூரையில் கொட்டுகிற மழை. கடவுளுக்கும் ஒரு நாள் பொறுத்திருக்க முடியவில்லை. துஷ்யந்தி மூன்று தரம் பின்னலைப் பிரித்துக் கட்டினாள். ரிபன் கைக்குள் அடங்கவில்லை. கண்ணாடியில் யதுஷா அந்தக் கையைப் பார்த்தாள். அவள் வாய் மெல்லத் திறந்தது.

"அம்மா, எனக்கு வயி..."

துஷ்யந்தி கையால் மகளின் வாயைப் பொத்தினாள். "இல்ல. உனக்கு வலிக்கல. கிளம்பு."

இருவரும் ஒரே குடையில் படியிறங்கினார்கள். படி வழுக்கியது, வீதியோரக் கானில் செம்மண் தண்ணீர் சத்தம் போட்டு ஓடியது. ஒவ்வொரு படிக்கும் திரும்பி ஏறிவிடலாமா என்று துஷ்யந்திக்கு இருந்தது. பெயரை வெட்டினால் வெட்டட்டும், வேறு பள்ளிக்கூடம் இல்லையா, அடுத்த வருடம் இல்லையா என்று மனம் கெஞ்சியது. அவள் இறங்கிக்கொண்டே இருந்தாள். யுகேஷின் வேன் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. உள்ளே பிள்ளைகள் "யதுஷா! யதுஷா!" என்று கண்ணாடியைத் தட்டினார்கள்.

"பாதை எப்படி இருக்குங்க?" என்று கேட்டாள்.

"இப்பதான் ஏறி வந்தேன் அக்கா. நல்லா இருக்கு. மெதுவாத்தான் போவேன்" என்றார் யுகேஷ்.

யதுஷா ஒரு காலை வேன் படியில் வைத்துத் திரும்பினாள். மழையில் அவள் முகம் சின்னதாக இருந்தது.

"நான் வர்ற வரைக்கும் நீங்க என்ன செய்வீங்க?"

துஷ்யந்திக்கு வாய்வரை ஒரு பொய் வந்தது. கேக் செய்வேன், தூங்குவேன், டி.வி. பார்ப்பேன். இந்தப் பிள்ளையிடம் பொய் செல்லாது என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

"பயந்துகிட்டு இருப்பேன்" என்றாள்.

யதுஷாவின் கால் படியிலிருந்து கீழே இறங்கப் பார்த்தது. துஷ்யந்தி குனிந்து அந்தக் காலைப் பிடித்து, சப்பாத்தோடு திரும்பப் படியில் வைத்தாள்.

"அது என் வேலை பாப்பா. நான் பாத்துக்கிறேன். உன் வேலை இல்ல."

யதுஷா ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோல அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். உள்ளே போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வேன் கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். வேன் மெதுவாக இறங்கி வளைவில் திரும்பியது. துஷ்யந்தி குடையைப் பிடித்துக்கொண்டு வீதியோரத்தில் நின்றாள். இரண்டு மணி வரைக்கும் செய்யவேண்டிய தன் வேலையை அங்கேயே தொடங்கினாள்.